எந்த வழியாக வந்தான்?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையக் கணக்கு ஹேக் ஆகிவிட்டால் என்ன செய்வது, செய்தவனை எப்படித் தேடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சைபர் வழக்குகள் நடத்தும் வக்கீல். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் கணக்கைப் பறிகொடுத்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலோ, அங்கிருந்து திரும்புகிற வழியிலோ என் அலுவலகத்துக்கு வருவார்கள். உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவன் சார் இதப் பண்ணினது?" பாதிப் பேரிடம் பதிலும் தயாராக இருக்கும். பங்காளி, பழைய பார்ட்னர், வேலையை விட்டுப் போன பையன்.

அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. எந்த வழியாக வந்தான் என்பதை முதலில் பாருங்கள். அதை நீங்களே பார்க்கலாம். எவன் என்பதைக் கண்டுபிடிக்க உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. நிறுவனங்களிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உள்ளவர்களால்தான் ஆகும்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளர் சாயங்காலம் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தார். வயர்டு என்ற தொழில்நுட்பப் பத்திரிகையில் எழுதுகிறவர். விவரம் தெரியாத மனிதர் என்று சொல்ல முடியாது. திடீரென்று அவருடைய ஐபோன் அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது, கடையில் வாங்கிய புதுப் போன் போல முதல் பக்கத்தில் நின்றது. ஏதோ கோளாறு என்று நினைத்து மேக்புக்கைத் திறந்தார். ஜிமெயில் பாஸ்வேர்டு தவறு என்று ஒரு செய்தி. அடுத்து திரை சாம்பல் நிறமாகி நான்கு இலக்க எண் கேட்டது. அப்படி ஓர் எண்ணை அவர் வைத்ததே இல்லை. தன் வீட்டில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவரே நிமிடக் கணக்கில் எழுதினார். 4:33க்கு ஒருவன் ஆப்பிள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து "நான்தான் மேட் ஹோனன்" என்றிருக்கிறான். 4:50க்கு ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு மாறியது. 4:52க்கு ஜிமெயிலை மீட்கும் கடிதம் அந்த ஆப்பிள் முகவரிக்கு வந்து விழுந்தது. 5:00 மணிக்கு ஐபோன், 5:01க்கு ஐபேட், 5:05க்கு மேக்புக் என்று வரிசையாக எல்லாம் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. நடுவில் 5:02க்கு ட்விட்டர் கணக்கு போனது. ஜிமெயில் கணக்கையே அழித்துவிட்டார்கள். போன் தொலைந்தால் கண்டுபிடித்துத் தருவதற்காக ஆப்பிள் வைத்த வசதியை வைத்தே எல்லாவற்றையும் அழித்தார்கள். மகள் பிறந்த வருடத்துப் படங்கள் அந்த மேக்புக்கில்தான் இருந்தன. பேக்கப் கிடையாது.

ஹோனன் முதலில் போட்ட கணக்கு என்ன தெரியுமா? ஏழெழுத்து பாஸ்வேர்டு வைத்திருந்தோம், ஏதோ மென்பொருளை ஓடவிட்டு உடைத்துவிட்டான் என்று நம்பினார். அப்படியே எழுதவும் செய்தார். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். அது தவறு என்று அவருக்குச் சொன்னது யார்? உடைத்தவனே. "ஃபோபியா" என்ற புனைபெயரில் இருந்த, பத்தொன்பது வயது என்று சொல்லிக்கொண்ட பையன் தொடர்புக்கு வந்தான். ஹோனன் ஒரு பேரம் பேசினார்: உன் மேல் புகார் கொடுக்க மாட்டேன், எப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல்.

கையில் கிடைத்தவனை விட்டுவிடுவதா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வக்கீல் என்ற முறையில் நானும் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பேரத்தில் கிடைத்த தகவல் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று பாருங்கள்.

பையன் சொன்னது இது. அவனுக்கும் கூட இருந்தவனுக்கும் வேண்டியிருந்தது ஹோனனின் மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டும்தான். ட்விட்டர் பக்கத்தில் ஹோனனின் சொந்த இணையதளம் இருந்தது. அதில் ஜிமெயில் முகவரி. ஜிமெயிலின் மீட்புப் பக்கத்துக்குப் போனால், மாற்று முகவரி நடுவில் புள்ளி வைத்து மறைத்துக் காட்டப்பட்டது. ஆப்பிள் முகவரி என்று ஊகிக்க அது போதும். ஆப்பிளில் போன் வழியாகப் பாஸ்வேர்டை மாற்ற இரண்டு விவரங்கள் சொன்னால் போதும் என்றிருந்தது: பில் போகும் முகவரி, கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்கள். முகவரி, இணையதளத்தைப் பதிவு செய்த பொதுப் பதிவேட்டிலேயே கிடைத்தது. நான்கு எண்களுக்கு?

அதற்கு அமேசான். அங்கே போன் செய்து, நான்தான் வாடிக்கையாளர், என் கணக்கில் புதுக் கார்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். பெயர், மின்னஞ்சல், முகவரி சரியாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு மறுபடி அழைத்து, கணக்குக்குள் போக முடியவில்லை என்றார்கள். கணக்கிலுள்ள கார்டு எண் ஒன்றைச் சொல்லச் சொன்னால்? சற்று முன் தாங்களே சேர்த்த கார்டின் எண்ணைச் சொன்னார்கள். புது மின்னஞ்சல் சேர்ந்தது. அதற்குப் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு வந்தது. உள்ளே போனால் ஹோனனின் உண்மையான கார்டின் கடைசி நான்கு எண்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு நிறுவனம் ரகசியமில்லை என்று திரையில் காட்டியதை இன்னொரு நிறுவனம் அடையாளச் சான்றாக ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள், இதில் ஒரு பாஸ்வேர்டுகூட உடைக்கப்படவில்லை. வயர்டு ஆட்களே அதே வழியில் முயன்று பார்த்தார்கள், பலித்தது. கட்டுரை வெளிவந்த சில நாட்களுக்குள் இரண்டு நிறுவனங்களும் அந்த நடைமுறையை நிறுத்தின. படங்களில் பெரும்பகுதியை ஒரு தரவு மீட்பு நிறுவனம் திரும்ப எடுத்துக் கொடுத்தது. கட்டணம் 1,690 டாலர்.

நம்ம ஊருக்கு வருவோம். என்னிடம் ஒரு மஞ்சள் மொத்த வியாபாரி வந்தார். ஊர் பெயர் வேண்டாம். "பாஸ்வேர்ட மூணு தடவ மாத்திட்டேன் சார், திரும்பத் திரும்ப உள்ள வர்றான்" என்றார். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சரக்குக்கான பணத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டிருந்தார். "நீங்கதானே கணக்கு மாறிடுச்சுன்னு மெயில் போட்டீங்க" என்று அந்த வாடிக்கையாளர் சாதித்தார்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர்காரப் பையனை அழைத்தேன். அவன் ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, முதலில் ஃபில்டர் பக்கத்துக்குப் போனான். வியாபாரி அப்படி ஒரு பக்கம் இருப்பதையே அறியாதவர். ஒரே ஒரு ஃபில்டர்: அந்த வாடிக்கையாளரிடமிருந்து எது வந்தாலும் வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடு. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டு எழுதிய கடிதங்கள் எதுவும் இவர் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். பாஸ்வேர்டை நூறு தடவை மாற்றினாலும் ஃபில்டர் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

சரி, பாஸ்வேர்டு எப்படிப் போனது? கடை லேப்டாப்பில் கணக்கு எழுதும் மென்பொருளின் திருட்டுப் பதிப்பு ஒன்று இருந்தது. காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கியது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த திருட்டு நிரல், உலாவியில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மூன்று தடவையும் அவர் பாஸ்வேர்டை மாற்றியது அதே லேப்டாப்பில் உட்கார்ந்து! புதுச் சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்துச் செய்யச் சொன்ன மாதிரி. பணம் திரும்பவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதை அந்தப் பையன் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். சந்தேகமில்லாத வேறொரு கம்ப்யூட்டரையோ போனையோ எடுங்கள். முதலில் மின்னஞ்சல்; வங்கி, முகநூல், வாட்ஸ்அப் எல்லாம் பிறகு. மற்றவற்றின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வரும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கணக்குத் திறந்திருக்கும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங், கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகள், மீட்பு எண், மீட்பு முகவரி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளேயே போக முடியாதபடி மீட்பு எண்ணை அவன் மாற்றிவிட்டானா? மாற்றிய நாளிலிருந்து ஏழு நாள் வரை பழைய எண்ணையும் கூகுள் ஏற்க வாய்ப்பு உண்டு. அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

வாட்ஸ்அப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "தெரியாம உங்க நம்பருக்கு ஆறு இலக்க எண் அனுப்பிட்டேன் அண்ணா, கொஞ்சம் சொல்லுங்க" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பார்கள். கொடுத்தால் போயிற்று. போனால், உங்கள் போனில் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள்; எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போட்டதுமே அவன் வெளியேறிவிடுவான். அவன் ரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க நேரும். அவனும் உள்ளே இருக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். போனை ஃபார்மேட் செய்யாதீர்கள். பயத்தில் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். பக்கத்துக் கடைப் பையனும் அதைத்தான் சொல்வான். ஃபார்மேட் செய்தால் திருட்டு நிரலோடு சேர்ந்து சாட்சியும் போய்விடும். அந்தச் சாதனத்தை இணையத்திலிருந்து துண்டித்து ஓரமாக வையுங்கள். வந்த கடிதங்களை அழிக்காதீர்கள். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் அடியில் வலப் பக்கம் கடைசிப் பயன்பாட்டு விவரம் என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, உலாவியிலா செயலியிலா என்று பட்டியல் வரும். புதியவை வரவர பழையவை விழுந்துவிடும் பட்டியல் அது. அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் அந்தப் படத்தோடு ஒரு சான்றிதழும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி; 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு.

ஐபி முகவரி கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. நம் நாட்டு மொபைல் இணையத்தில் ஒரே பொது ஐபி முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த முகவரியோடு, நொடி வரைக்கும் சரியான நேரமும், போர்ட் எண் என்ற இன்னொரு எண்ணும் இருந்தால்தான் தொலைபேசி நிறுவனம் ஒரு சிம்மைச் சுட்ட முடியும். நேரத்திலும் ஒரு சிக்கல். பல பதிவுகள் சர்வதேச நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இதைக் கவனிக்காமல் கடிதம் எழுதினால், ஐந்தரை மணி நேரம் தள்ளி அதே முகவரியை வைத்திருந்த யாரோ ஒரு அப்பாவியின் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். இணையத்தில் ஐபி முகவரியைப் போட்டால் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அதைப் பார்த்து எதிர்த்த தெருக்காரரைச் சந்தேகப்படாதீர்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் ஊர் அளவுக்குத்தான், சில நேரம் மாநில அளவுக்குத்தான் சரியாக இருக்கும்.

போலீஸ் பிடித்த கதைகளைப் பார்த்தால், ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவனுடைய கவனக்குறைவுதான். 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ அஞ்சலுக்குள் டென்னசி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் புகுந்தார். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதிலை இணையத்திலேயே தேடி எடுத்தார். தன் அடையாளம் தெரியக்கூடாது என்று இடைத்தரகு சேவை ஒன்றின் வழியாகப் போனார். எல்லாம் சரி. பிறகு பெருமைக்காக வெளியிட்ட ஸ்கிரீன்ஷாட்டில், மேலே முகவரிப் பட்டையில் அந்தச் சேவையின் பெயர் அப்படியே தெரிந்தது. அதை நடத்தியவரிடம் பதிவேடு இருந்தது, எஃப்பிஐக்குக் கொடுத்தார். 2010இல் ஒரு வருடம் ஒரு நாள் தண்டனை. சாட்சியை அழிக்கப் பார்த்ததும் அவர் மேல் நிரூபணமான குற்றங்களில் ஒன்று.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பெண்ணின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, யாஹூ குழு ஒன்றில் ஆபாசச் செய்தி போட்ட வழக்கில் 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்வார்கள். புகார் வந்தது அதே வருடம் பிப்ரவரியில். ஆள் மும்பையில் பிடிபட்டார். கம்ப்யூட்டர் தடயம் பிரவுசிங் சென்டர் வரைக்கும்தான் கொண்டுபோய் விட்டது. இவர்தான் வந்து உட்கார்ந்தார் என்று சொன்னவர்கள் சென்டர் நடத்திய மனிதர்கள்.

கிளிஃபோர்டு ஸ்டால் என்பவர் ஒரு ஹேக்கரைத் துரத்திய கதையைப் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள். 1986இல் அவர் பெர்க்லி ஆய்வகத்தில் 75 சென்ட் கணக்கு உதைத்ததைப் பிடித்துக்கொண்டு, திருடனை உள்ளே நடமாடவிட்டு, ஆசை காட்டப் போலிக் கோப்புகளை வைத்து, ஜெர்மனியின் ஹானோவர் வரை தடம் தேடிக் கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்தார். அவர் கதவைத் திறந்து வைத்தது ஒரு ஆய்வகத்தில், ஒவ்வொரு எழுத்தையும் பிரிண்டரில் பதிவு செய்துகொண்டே. உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்த மெயிலில் அந்த விளையாட்டு வேண்டாம். மூடுங்கள்.

இனி சட்டம். பணம் போயிருந்தால் 1930க்கு உடனே போன். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அதில் வழி இருக்கிறது. பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவது 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "இது எங்க லிமிட் இல்ல" என்று எந்த ஸ்டேஷனும் புகாரைத் திருப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அந்த லிமிட்டை எடுத்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களில் புலன்விசாரணையை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் செய்ய வேண்டும்.

நஷ்ட ஈட்டுக்கு வேறொரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பு வழங்கும் அதிகாரியாக உட்காரலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். வங்கி அனுப்பியது போன்ற போலி மெயிலுக்குப் பதில் கொடுத்துப் பணத்தை இழந்த தூத்துக்குடிக்காரர் ஒருவரின் வழக்கில், 2010 ஏப்ரலில் நம் மாநிலச் செயலராக இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார் ஒரு தனியார் வங்கியை 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டைக் கொடுத்தது வாடிக்கையாளர் தப்பு என்றுதான் வங்கி வாதாடியது. ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது அதே வங்கியின் மும்பைக் கணக்கு ஒன்றில். வங்கி மேல்முறையீடு போனது தனிக் கதை. எவன் என்று தெரியாமலேயே, எந்த வழியாகப் பணம் போனது என்று காட்டியதால் கிடைத்த தீர்ப்பு அது.

காலக்கெடு மறக்க வேண்டாம். இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏழெட்டு மாதம் கழித்து ஆதாரம் தேடி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காபிதான் கொடுக்க முடியும்.

ஏன் தாமதமாக வருகிறார்கள்? வெட்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், இவர்களெல்லாம் மகனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான் என்று வாயை மூடிக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள். சொன்னால் கிடைக்கும் முதல் பதில், "இதுகூடவா தெரியாது உங்களுக்கு?" ஹோனனுக்கே தெரியவில்லை, ஐயா.

இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா மெயிலில் மீட்பு எண் எது என்று பாருங்கள். விட்டுப்போன பழைய சிம்மின் எண்ணாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள். என்றைக்காவது அவர்கள் முகம் வாடி, "ஏதோ ஒரு லிங்க அமுக்கிட்டேன்" என்று சொன்னால், தயவுசெய்து திட்டாதீர்கள். முதலில் 1930க்குப் போன் போடுங்கள்.